“வயதானால் வருவதுதான்” என்றார்கள்: பொலிவியாவிலிருந்து திரும்பியவரின் இதயம்

ஆரணி வாசகரின் கேள்வி, 9 ஜனவரி 2024

என் சித்தி அருட்சகோதரி. 1991 முதல் 2019 வரை பொலிவியாவில் கிராமப் பள்ளிகளில் பணியாற்றினார். இப்போது வேலூர்ப் பக்கம் சபையின் ஓய்வு இல்லத்தில் இருக்கிறார். வயது 63. அங்கிருந்து கிளம்பும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனைகளில் ‘சாகாஸ்’ என்று வந்திருக்கிறது. போன மாதம் எடுத்த இ.சி.ஜி.யில் ‘ஆர்.பி.பி.பி.’ என்று எழுதியிருக்கிறது. இங்கே பார்த்த மருத்துவர், “வயதானால் வருவதுதான். அந்த நோய் நம் நாட்டிலேயே கிடையாது” என்று சொல்லிவிட்டார். சித்தியும் அதையே பிடித்துக்கொண்டார். விட்டுவிடலாமா?

9 ஜனவரி 2024, இரவு

விடாதீர்கள் தம்பி.

32 ஆண்டுகள் இ.சி.ஜி. எடுப்பதையே தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்ல. ஆனால் இந்த ஒரு நோயைப் பற்றி என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

அந்த மருத்துவர் சொன்னதில் பாதி சரி. ஆர்.பி.பி.பி. என்பது இதயத்தின் வலது பக்கத்துக்கு மின்னோட்டம் போகும் பாதை அடைபட்டிருப்பது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிடமும் அது காணப்படும். நானே ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் 28 ஆண்டுகள் பொலிவியக் கிராமத்தில் இருந்து, ரத்தத்திலும் சாகாஸ் உறுதியான ஒருவரின் காகிதத்தில் அதே கோடுகள் வந்தால் அதற்குப் பொருள் வேறு. சாகாஸ் இதயத்தைத் தொட்டுவிட்டது என்பதற்கு மிக வழக்கமான முதல் அடையாளமே இதுதான்.

சாகாஸைத் தருவது டிரிபனோசோமா குரூசி என்ற ஒட்டுண்ணி. அங்கே ஒரு பூச்சி அதைப் பரப்புகிறது. அது உடலுக்குள் போனால் முதல் சில வாரங்கள் காய்ச்சல் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அதன்பின் 10, 20, 30 ஆண்டுகள்கூட அமைதி. தொற்றியவர்களில் 100க்கு 20 முதல் 30 பேருக்கு அந்த அமைதிக்குப் பிறகு இதயம் கெடுகிறது. மற்றவர்கள் ஒரு தொந்தரவும் இல்லாமல் முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள். சித்தியிடம் முதலில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அவர் பயந்துபோய் மூடி மறைக்கக் கூடாது.

நாளைக்கே அவரிடம் கேட்க வேண்டியவை: எப்போதாவது கண் இருட்டிக்கொண்டு விழுந்தாரா? காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறதா? இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா? மாலையில் கால் வீங்குகிறதா? அந்த இ.சி.ஜி.யைப் படமெடுத்து இங்கே போடாதீர்கள். இதய மருத்துவரிடம் நேரில் கொண்டுபோங்கள். “இவர் பொலிவியாவில் இருந்தவர்” என்பதை வாயைத் திறந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

10 ஜனவரி 2024, காலை

இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின.

நாடியை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் இடையில் விட்டுப்போகும் துடிப்பு கணக்கில் வராது.

இ.சி.ஜி. காகிதத்தை உடனே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அந்தப் பளபளப்புக் காகிதம் வெயிலில் வெளுத்துவிடும். நம் ஊர் வெயிலில் பீரோவுக்குள் இருந்தாலும் சில ஆண்டுகளில் கோடு மங்கிப்போகும். பழைய இ.சி.ஜி. கையில் இருந்தால்தான் புதியது எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

14 ஜனவரி 2024

போகிக்குப் பழைய காகிதங்களை வீட்டில் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு உறை என் கைக்கு வந்தது. ஆகவே இதை இன்றே எழுதுகிறேன்.

என் அக்காவும் அருட்சகோதரிதான். 1986-இல் 29 வயதில் பொலிவியாவுக்குப் போனார். கொச்சபம்பா பள்ளத்தாக்கில் ஒரு கிராமம். முதல் கடிதத்திலேயே, “வீடுகள் நம் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து மண்சுவர் வீடுகளைப் போலவே இருக்கின்றன, எனக்கு ஊரை விட்டு வந்ததாகவே தோன்றவில்லை” என்று எழுதியிருந்தார். அடுத்த கடிதத்தில், இரவில் கூரையிலிருந்து ஒரு பூச்சி விழுகிறது, அங்கே அதை வின்சுக்கா என்கிறார்கள், படுக்கைக்கு மேலே துணி கட்டியிருக்கிறேன் என்று இருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது நான்தான். இருவரும் மூட்டைப்பூச்சி என்று நினைத்துக்கொண்டோம்.

2009-இல் விடுமுறைக்கு வந்தார். எங்கள் துறையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அழைத்துப்போய், “படுங்கள், நானே எடுக்கிறேன்” என்று ஜெல் தடவி, லீட் மாட்டி எடுத்தேன். ஆர்.பி.பி.பி. அதோடு இடது பக்கத்தின் முன்கிளையிலும் அடைப்பு, நாங்கள் லெஃப்ட் ஆன்டீரியர் ஹெமிபிளாக் என்போம். மூன்று பாதைகளில் இரண்டு போய்விட்டன என்று பொருள். எனக்குத் தெரிந்தது. பணியில் இருந்த மருத்துவரிடம் காட்டினேன். “ஏதாவது தொந்தரவு உண்டா?” என்று கேட்டார். அக்கா இல்லை என்றார். பெயர், வயது, ஆண், பெண் என்று நிரப்பும் கட்டங்கள் அந்தச் சீட்டில் இருந்தன. எங்கே வாழ்ந்தார் என்பதற்குக் கட்டம் இல்லை. அதை அறிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான், நானும் சொல்லவில்லை. அவர் மறுபடி விமானம் ஏறிப் போனார்.

2013-இல் நிரந்தரமாகத் திரும்பினார். 2015 தவக்காலத்தில் ஒரு வெள்ளி மாலை, சிலுவைப்பாதையில் முழங்கால் போட்டு எழும்போது விழுந்தார். ஒருசந்தி இருந்ததால் மயக்கம் என்று எல்லோரும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். மறுவாரம் சமையலறையில் விழுந்து நெற்றி பிளந்தது. நான் போய் மணிக்கட்டைப் பிடித்தபோது நாடி 34. கம்ப்ளீட் ஹார்ட் பிளாக். மூன்றாவது பாதையும் போய்விட்டிருந்தது. மேலறையும் கீழறையும் தனித்தனியே துடித்துக்கொண்டிருந்தன.

பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஆஞ்சியோகிராமில் ரத்தக்குழாய்கள் சுத்தமாக இருந்தன. எக்கோ என்னும் இதய ஸ்கேனில் இடது கீழறையின் நுனி மட்டும் பை போலப் புடைத்திருந்தது. நம் நாட்டில் இப்படி அடைப்பும் படபடப்பும் சேர்ந்து வந்தால் காசநோயையும், உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் வளரும் சார்காய்டோசிஸையும் தேடுவார்கள். அதுதான் முறை. தேடினார்கள், இரண்டும் இல்லை. அப்போது ஓர் இளம் மருத்துவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, “சிஸ்டர், இத்தனை ஆண்டுகள் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டார்.

அக்கா தம் ஜெபப் புத்தகத்தைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். 2006-இல் அங்கே ரத்ததானம் செய்யப் போனபோது, ‘சாகாஸ், ரத்தம் ஏற்க இயலாது’ என்று ஸ்பானிய மொழியில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். “அங்கே நிறையப் பேருக்கு அப்படித்தான் வரும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை” என்றார்.

9 ஆண்டுகள் அந்தச் சீட்டு அவரிடம் இருந்தது. 6 ஆண்டுகள் அந்த இ.சி.ஜி. என் உறையில் இருந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

15 ஜனவரி 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மூன்று பேர், “2009-இலேயே தெரிந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். நின்றுபோன பாதையை யாராலும் திறந்திருக்க முடியாது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை இ.சி.ஜி., எக்கோ, உடம்போடு கட்டிவிட்டு 24 மணி நேரமும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் என்று பார்த்து வந்திருப்பார்கள். முதல் மயக்கத்துக்கே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்க மாட்டோம். அந்த இரண்டாவது விழுகை அடுப்பருகே நடந்தது. எண்ணெய்ச் சட்டி ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

21 ஜனவரி 2024

மூட்டைப்பூச்சியால் வருமா, நம் வீடுகளில் இந்தப் பூச்சி உண்டா என்று வாலாஜாவிலிருந்து ஒருவர் கவலையோடு கேட்டிருக்கிறார்.

மூட்டைப்பூச்சி வழியாக மனிதர்களுக்குப் பரவியதாக நிரூபணம் இல்லை. வின்சுக்கா வேறு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் வரும், சிறகு உண்டு. மண்சுவர் வெடிப்பிலும் ஓலைக் கூரையிலும் பகலில் பதுங்கியிருந்து, இரவில் தூங்குபவரின் முகத்தில் கடிக்கும். பிரேசிலில் இதை ‘பார்பெய்ரோ’, அதாவது நாவிதர் என்கிறார்கள், முகத்தைத் தேடி வருவதால். கடியால் நோய் வருவதில்லை. கடித்த இடத்தருகே அது கழிக்கும் மலத்தில் கிருமி இருக்கிறது. தூக்கத்தில் சொறியும்போது அது தோலுக்குள்ளோ கண்ணுக்குள்ளோ போகிறது. வீட்டுக்குள் கினிப்பன்றி வளர்க்கும் பழக்கம் அங்கே உண்டு என்று அக்கா சொல்வார். பூச்சிக்கு அதுவும் உணவு.

இதே குடும்பத்துப் பூச்சி ஒன்று இந்தியாவிலும் இருக்கிறது, டிரையட்டோமா ரூப்ரோஃபாசியாட்டா. எலிகள் இருக்கும் இடத்தில் வாழும். அது சுமப்பது எலிகளுக்கான வேறு ஒட்டுண்ணி. குரூசி கிருமியின் தாயகம் அமெரிக்கக் கண்டம் மட்டுமே. ஆக “நம் நாட்டில் இல்லை” என்பது பூச்சியின் வழிப் பரவலைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் மனிதர்கள் விமானத்தில் வருகிறார்கள், அவர்கள் இதயமும் கூடவே வருகிறது.

இதனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே வாழ்ந்து திரும்பியவர்கள், பரிசோதனை செய்து ‘இல்லை’ என்று வரும்வரை ரத்ததானம் செய்யாதீர்கள். நம் ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். சாகாஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ரத்தத்தின் வழியாகவும் தாயிடமிருந்து கருவுக்கும் இது பரவும். அங்கே குடும்பத்தோடு இருந்து வந்த பெண்கள் பிள்ளைகளையும் சேர்த்துப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

2 பிப்ரவரி 2024

ஆரணித் தம்பி எழுதியிருக்கிறார். சித்தி எப்போதும் மயங்கி விழுந்ததில்லையாம். ஆனால் மாடிப்படியில் இரண்டு முறை ‘கண் மின்னியதாம்’. நாடி நிமிடத்துக்கு 52. படபடப்புக்காக அந்த மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறாராம். மாத்திரையின் பெயரைப் பார்த்தேன். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை.

தம்பி, இது அவசரம். இந்த வாரமே இதய மருத்துவரிடம் போங்கள். அந்த வகை மாத்திரை இதயச் செயலிழப்புக்கு நல்ல மருந்துதான், அக்காவும் சாப்பிடுகிறார். ஆனால் அக்காவுக்குப் பேஸ்மேக்கர் காவல் இருக்கிறது. மின்பாதை ஏற்கெனவே நைந்திருப்பவருக்குக் காவல் இல்லாமல் அதைக் கொடுத்தால் துடிப்பு இன்னும் தளரும். நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், திடீரென நிறுத்தினாலும் கெடுதி உண்டு. மருத்துவரிடம் ‘நாடி 52, கண் மின்னல், ஆர்.பி.பி.பி., சாகாஸ்’ என்று இந்த நான்கையும் சேர்த்தே சொல்லுங்கள்.

3 பிப்ரவரி 2024

குடியாத்தத்துச் செவிலியர் ஒருவர், விழுங்குவதில் சிரமமும் இதில் சேருமா என்று கேட்டார். சேரும். உணவுக்குழாயிலும் பெருங்குடலிலும் உள்ள நரம்புகள் அழிந்து அவை விரிந்துபோகும். தொற்றியவர்களில் 10 சதவீதம் பேர் வரை அப்படி ஆகிறது. அக்காவுக்குப் பல ஆண்டுகளாக மலச்சிக்கல். கீரை சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

18 பிப்ரவரி 2024

என்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு வாசகருக்குத் தனியாக எழுதிய பதிலில், “கிருமியைக் கொல்லும் மருந்தைச் சாப்பிட்டுவிட்டால் இதயம் தப்பிவிடும்” என்று எழுதிவிட்டேன். அவர் அதை இங்கே எடுத்துப் போட்டிருக்கிறார். நான் எழுதியது தவறு.

மருந்துகள் இரண்டு: பென்ஸ்நிடசோல், நிஃபர்டிமாக்ஸ். புதிதாகத் தொற்றியவர்களுக்கும், பிறவியிலேயே தொற்றிய குழந்தைகளுக்கும் இவை மிக நன்றாக வேலை செய்கின்றன. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் கொடுக்கிறார்கள், அடுத்த தலைமுறைக்குப் போகாமல் தடுப்பதற்காக. ஆனால் இதயம் ஏற்கெனவே பழுதானவர்களின் நிலை வேறு. 2015-இல் வெளியான பெனிஃபிட் ஆய்வில் சாகாஸ் இதயநோய் உள்ள 2,854 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பென்ஸ்நிடசோலும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து, சராசரியாக 5 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கிருமி குறைந்தது. ஆனால் மரணம், பேஸ்மேக்கர் தேவை, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மருந்துப் பக்கம் 27.5 சதவீதம், மறு பக்கம் 29.1 சதவீதம். அதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது.

அக்காவுக்கு அந்த மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்று 2015-இல் மருத்துவர்கள் முடிவு செய்தபோது நான் சண்டையிட்டேன். வயது, இதயத்தின் நிலை, 60 நாள் மருந்தால் வரும் தோல் தடிப்பு, கை கால் மரமரப்பு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்கள். என் காதில் ஏறவில்லை. கிருமி உள்ளே இருக்கிறது, விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். அந்தக் கோபத்தின் மிச்சம்தான் போன வாரம் என் பதிலில் எழுதியிருக்கிறது.

19 பிப்ரவரி 2024

நேற்றையதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் நான் எழுதிய ‘100க்கு 20, 30 பேர்’ கணக்கைப் பார்த்துவிட்டு, “என் இ.சி.ஜி. இந்த ஆண்டு சரியாக இருக்கிறது, இனி கவலை இல்லை” என்று பிரேசிலில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் எழுதியிருக்கிறார். ரத்தத்தில் பாசிட்டிவ், இதயம் நலம் என்ற நிலையில் இருப்பவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் பேருக்கு இதயம் பாதிக்கத் தொடங்குகிறது. அதனால்தான் ஆண்டுக்கொரு இ.சி.ஜி. பத்து நிமிட வேலை, பெரிய செலவும் இல்லை. உங்கள் பிறந்த நாளில் எடுத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

9 மார்ச் 2024

சித்தியின் எக்கோ அறிக்கையைத் தம்பி வாசித்துக் காட்டினார். இதயம் மொத்தத்தில் பரவாயில்லை. பின்கீழ்ச் சுவர் சற்று மந்தமாக அசைகிறது. நுனியில் சிறு புடைப்பு. ரத்தக்கட்டி இல்லை.

அந்த நுனிப் புடைப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாட்பட்ட அழற்சியால் தசை அழிந்து அந்த இடத்தில் நார் படிகிறது. நுனியில் சுவர் மெல்லியது, அங்கே பலூன் போலத் தள்ளிக்கொள்கிறது. அந்தப் பைக்குள் ரத்தம் தேங்கினால் உறையும். உறைந்தது கிளம்பினால் மூளைக்குப் போகும். பக்கவாதம் வந்த பிறகுதான் சாகாஸ் இருப்பதே தெரிய வருபவர்களும் உண்டு. அக்காவுக்கு 2017-இல் அந்தப் பைக்குள் ரத்தக்கட்டி தெரிந்தது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் தொடங்கினார்கள். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்து, உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்க்கிறோம்.

வேறொன்றும் உண்டு. அந்த நார்த்தழும்பைச் சுற்றி மின்னோட்டம் சுழன்று திடீரென நிமிடத்துக்கு 180, 200 என்று துடிப்பு கிளம்பும். அதை வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்பார்கள். இந்த நோயில் திடீர் மரணம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது. சாதாரணப் பேஸ்மேக்கர் துடிப்பு குறையும்போது தூண்டும், ஓடும்போது பிடித்து நிறுத்தாது. அதற்கு ஐ.சி.டி. என்ற வேறு கருவி இருக்கிறது. யாருக்கு அது, யாருக்கு அந்த ஓட்டத்தை அடக்கும் அமியோடரோன் மாத்திரை, யாருக்கு இரண்டும் என்பது மருத்துவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. அக்காவுக்கு ஹோல்டரில் இப்படிச் சிறுசிறு வேக ஓட்டங்கள் தெரிந்தன. அமியோடரோன் சாப்பிடுகிறார். அதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும் பார்க்க வேண்டும், இருமலோ மூச்சுத் திணறலோ புதிதாக வந்தால் நுரையீரலையும்.

11 மார்ச் 2024

சாகாஸ் இதயநோயில் உயிருக்கு உள்ள ஆபத்தை எடைபோட ராஸி மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது, 2006-இல் பிரேசிலில் 424 நோயாளிகளை வைத்து உருவாக்கியது. கடுமையான மூச்சிரைப்புக்கு 5, எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்தால் 5, எக்கோவில் சுவர் அசைவுக் குறைபாட்டுக்கு 3, ஹோல்டரில் ஓட்டத்துக்கு 3, இ.சி.ஜி.யில் கோடுகள் குட்டையாக இருந்தால் 2, ஆணாக இருந்தால் 2. மொத்தம் 20. 6 வரை குறைந்த ஆபத்து, 7 முதல் 11 வரை நடுத்தரம், 12-உம் அதற்கு மேலும் அதிகம்.

அக்காவுக்கு 6. ஒன்பது ஆண்டுகளாக அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்குகிறேன்.

12 மார்ச் 2024

அந்த மதிப்பெண்ணை இங்கே போட்டிருக்கக் கூடாது. இரவே இரண்டு பேர் தங்கள் பெற்றோருக்குக் கூட்டிப் பார்த்துப் பதறி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எக்ஸ்ரேயே எடுக்காமல் 5 போட்டிருக்கிறார். அது பத்தாண்டில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது. உங்கள் அம்மா எத்தனை நாள் இருப்பார் என்று சொல்வதல்ல. பேஸ்மேக்கர் வேண்டுமா என்பதையும் அது சொல்லாது. மருத்துவரின் மேசையில் இருக்க வேண்டிய கருவி. அழித்துவிடலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே பலர் எடுத்து வைத்துக்கொண்டதால் இந்தக் குறிப்போடு விட்டுவைக்கிறேன்.

14 ஏப்ரல் 2024, சித்திரை முதல் நாள்

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இன்று உலக சாகாஸ் நோய் நாளும்கூட. 1909-இல் இதே ஏப்ரல் 14-ஆம் தேதி, பிரேசிலின் லசான்ஸ் என்ற சிற்றூரில், கார்லோஸ் சாகாஸ் என்ற மருத்துவர் பெரெனிஸ் என்ற இரண்டு வயதுச் சிறுமியின் ரத்தத்தில் இந்தக் கிருமியைக் கண்டார். ரயில் பாதை போடும் தொழிலாளர்களின் மலேரியாவைக் கட்டுப்படுத்தப் போனவர் அவர். முதலில் பூச்சிக்குள் கிருமியைப் பார்த்து, பிறகுதான் அது எந்த நோயைத் தருகிறது என்று தேடிப்போனார்.

அந்தச் சிறுமி எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தார். கிருமி கடைசிவரை உடலில் இருந்தது. அக்காவிடம் இதை முதன்முதல் சொன்னபோது, “அப்படியானால் நான் இன்னும் பெரெனிஸை எட்டவில்லை” என்றார். இன்று மாங்காய்ப் பச்சடி எடுத்துப்போய்க் கொடுத்தேன். அக்காவுக்கு 67 வயதாகிறது.

6 மே 2024

கத்திரி தொடங்கிவிட்டது. வேலூரில் இதய நோயாளிகளை வைத்திருப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள்.

நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த வெயிலில் வியர்த்தும் நீர் இழப்பார்கள். 2018 மே மாதம் அக்கா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பேஸ்மேக்கர் பழுது என்று பதறி ஓடினோம். நீர்வறட்சிதான். தினமும் காலையில் எடை பார்த்து எழுதுங்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினாலும் இறங்கினாலும் மருத்துவருக்குச் சொல்லுங்கள், அளவை அவர் மாற்றுவார்.

இளநீர் உடம்புக்கு நல்லது என்று வருகிறவர்கள் எல்லோரும் வாங்கி வருவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். ஸ்பைரனோலாக்டோன், எனாலாப்ரில் போன்றவை சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறக்கூடும். அக்காவுக்கு மருத்துவர் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் உப்பு. முருங்கைக்கீரையை வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அடியோடு விட வேண்டியதில்லை. வாரத்துக்கு எவ்வளவோ அதையே வாரா வாரம் சாப்பிட வேண்டும். ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறு வாரம் ஒன்றுமில்லை என்றால் ஐ.என்.ஆர். தாறுமாறாகும்.

23 மே 2024

சித்தியின் ஹோல்டர் முடிவு வந்துவிட்டது. பிப்ரவரியிலேயே பீட்டா பிளாக்கரை மருத்துவர் படிப்படியாக நிறுத்தியிருந்தார். அப்படியும் பகலிலேயே 4 நொடி இதயம் நின்று துடித்திருக்கிறது. அந்த நேரம் சித்தி தம் நாட்குறிப்பில், ‘துணி காயப்போடும்போது கண் மின்னியது’ என்று எழுதி வைத்திருக்கிறார். பேஸ்மேக்கர் வைக்க நாள் குறித்திருக்கிறார்கள்.

தம்பி கேட்கிறார்: சித்தி மறுக்கிறார், “இத்தனை செலவு சபைக்கு எதற்கு, கடவுள் விட்ட வழி” என்கிறார், எப்படிச் சம்மதிக்க வைப்பது? என் அக்காவிடம் கேட்டேன். சித்தியின் தொலைபேசி எண்ணை வாங்கித் தரச் சொன்னார். நாற்பது நிமிடங்கள் இருவரும் ஸ்பானிய மொழியில் பேசினார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வின்சுக்கா என்பது மட்டும் நாலைந்து முறை காதில் விழுந்தது, ஒருமுறை பெரிதாகச் சிரித்தார்கள். சித்தி சம்மதித்துவிட்டார் என்று மறுநாள் தம்பி எழுதினார்.

30 மே 2024

சித்திக்கு வைத்தாகிவிட்டது. நலம். இடது கையை ஒரு மாதம் தோளுக்கு மேலே தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், கொடியில் துணி போடும் வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

17 ஆகஸ்ட் 2024

அக்காவின் பேஸ்மேக்கரில் பேட்டரி தீரும் நிலைக்கு வந்ததால் இந்த வாரம் மாற்றினார்கள். ஒன்பது ஆண்டுகள் ஓடியிருக்கிறது. உள்ளே அழைத்துப்போகும் முன் கோப்பைச் சரிபார்த்த பயிற்சி மருத்துவர், “பொலிவியாவில் எந்தப் பகுதி சிஸ்டர்?” என்று தானாகவே கேட்டார். கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

வார்டுக்குத் திரும்பியதும் அக்கா, “2009-இல் நீ எடுத்தாயே, அது இருக்கிறதா?” என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் நானாக அதை அவருக்குக் காட்டியதில்லை. மறுநாள் உறையோடு எடுத்துப்போனேன். காகிதம் மஞ்சளாகி, கோடு பாதி மறைந்திருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, எது எங்கே அடைபட்டிருந்தது என்று விரலால் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“மேலே என் பெயரை எழுதியிருக்கிறாய். ஊர் பெயரையும் எழுது” என்று பேனாவை எடுத்துக் கொடுத்தார். எழுதினேன்.